வெள்ளை ஏரோப்ளேனில் மாரியப்பன் வைத்த பொட்டு

கப்பலூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் என் மகன் வேலை பார்க்கிறான். போன நோன்பில் அவனோடு வேலை பார்க்கும் பெயிண்டர் பிள்ளைகளை கே.கே. நகரில் எங்கள் வீட்டுக்குக் கஞ்சி குடிக்கக் கூட்டி வந்தான். குடித்துக்கொண்டே ஒருத்தன் கேட்டான்.

"பாய், சண்டைக் காலத்துல நீங்க ஏரோப்ளேனுக்கு பெயிண்டு அடிச்சீங்களாமே, என்ன கலரு அடிச்சீங்க?"

"எல்லாக் கலரும் அடிச்சோம்ப்பா. கடைசியா வெள்ளை அடிச்சோம்."

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். "சண்டைக்குப் போற ப்ளேனுக்கு வெள்ளையா? எதிரிக்கு நல்லாத் தெரியட்டும்னா?"

கையில் டப்பாவை வைத்துக்கொண்டு இதே கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டவன்தான். எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனாலும் படைத்தவன் ஞாபகத்தைக் குறையில்லாமல் வைத்திருக்கிறான். அந்த நன்றிக்காகவாவது எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

எங்கள் அத்தா முனிச்சாலையில் குதிரை வண்டிகளுக்கு வர்ணம் அடித்தவர். நான் அவரிடம் தொழில் படித்தேன். வண்டியின் பக்கப் பலகையில் முகம் தெரியவேண்டும், அதுதான் எங்கள் தொழிலுக்கு அழகு. படிகாரக் கல் போல ஒரு கல்லை வைத்துத் தேய்ப்போம், வார்னீஷ் ஏற்றுவோம், மறுபடி தேய்ப்போம். யுத்தம் வந்து வண்டித் தொழில் படுத்தது. அவனியாபுரத்துக்குத் தெற்கே ஏரோட்ரம் போட்டு ஆள் எடுக்கிறார்கள் என்றார்கள். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். பிரஷ் பிடிக்கிற லட்சணத்தைப் பார்த்தே சேர்த்துக்கொண்டார்கள்.

மாரியப்பனும் அதே வாரம் சேர்ந்தவன். பெருங்குடிப் பக்கத்துக்காரன். அவன் அப்பா, தாத்தா எல்லாம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழுதவர்கள். மாதம் பிறந்தால் சம்பளம் என்பதை அந்தக் குடும்பத்தில் முதலில் கண்டது இவன்தான். என்னைவிட ரெண்டு வயசு சின்னவன், அதனால் "காதரண்ணே" என்பான்.

எங்களுக்கு மேலே இருந்தவர் சார்ஜென்ட் பார்லோ. வெயிலில் தோல் உரிந்து எப்போதும் சிவந்த மூக்கோடு இருப்பார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஒரு வேலையைச் சொன்னால் ரெண்டு தடவை சொல்வார். முதல் தடவை என்ன செய்யவேண்டும் என்று, ரெண்டாம் தடவை எதற்காகச் செய்யவேண்டும் என்று. எனக்குக் கடைத்தெரு இங்கிலீஷ் கொஞ்சம் வரும், அதனால் அவர் சொல்வதை மற்றவர்களுக்குத் தமிழில் சொல்வது என் பொறுப்பானது. மத்தியான லுஹர் தொழுகை நேரம் வந்தால் நான் கேட்கவேண்டியதில்லை. மோவாயைத் தூக்கிச் சூரியனைக் காட்டிவிட்டு என் கையிலிருந்து பிரஷ்ஷை வாங்கிக்கொள்வார்.

முதலில் எங்களிடமிருந்து அவர் பிடுங்கி எறிந்தது பளபளப்பை. பழக்கதோஷத்தில் நான் ஒரு இறக்கைக்கு மெருகு ஏற்றிவிட்டேன். எங்களைத் தூரத்தில் நிறுத்தி அதை வெயிலில் காட்டினார். கண்ணாடி மாதிரி மின்னியது. "வானத்தில் இருக்கிற எதிரிக்கு நீ தந்தி அடிக்கிறாய்" என்றார். அன்றிலிருந்து, மண் கலரும் பச்சையும் அலை அலையாக அடிப்போம், துளி மினுக்கம் இருக்காது.

வேலைக்கு ஒரு வரிசை உண்டு. பழைய வர்ணத்தைத் தண்ணீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்த்து இறக்கவேண்டும். துணி போர்த்திய பாகங்களில் டோப் என்று ஒன்று பூசுவோம், வாழைப்பழம் அழுகின வாசம் அடிக்கும், துணி முரசுத் தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். அப்புறம் சாக்பீஸில் கோடு. அதற்குப் பிறகுதான் வர்ணம், அதுவும் காற்று போகும் திசையில், மூக்கிலிருந்து வால் நோக்கி. ரெண்டு கலர் சேரும் இடத்தில் விளிம்பு தடித்து நின்றால் காற்று அதைப் பிடித்து இழுக்கும், வேகம் குறையும். மாரியப்பன் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே தடிப்பு எங்கே என்று சொல்லிவிடுவான்.

சில ப்ளேனுக்கு விசித்திரமான கலரெல்லாம் வந்தது. மேலிடத்தில் யாரோ புதுசு புதுசாகச் செய்து பார்த்தார்கள். ஒன்றுக்கு அடுப்புக்கரி மாதிரி ஒரு கறுப்பு, தொட்டால் கையில் ஒட்டும். ஒன்றுக்கு ரோஸ் கலர். விடிகிற நேரம் மேகத்தோடு மேகமாகப் போய் எதிரி இடங்களைப் படம் பிடிக்கிறதாம். எங்களோடு வேலை பார்த்த சோணை அதைச் சுற்றிச் சுற்றி வந்து, "பொண்ணு பாக்கப் போகுது, அண்ணே. பூ மட்டும் வச்சா முடிஞ்சுச்சு" என்றான்.

அதற்குப் பிறகுதான் வெள்ளை வந்தது. கடலுக்கு மேலே பறந்து நீர்மூழ்கிக் கப்பல் தேடுகிற பெரிய ப்ளேன். மூக்கு முதல் வால் வரை பக்கமெல்லாம் வெள்ளை, முதுகு மட்டும் சாம்பல். அடிவயிற்றில் மட்டும் பளபளப்பான வெள்ளை. இத்தனை நாள் மினுக்கம் கூடாது என்றவர் இப்போது மினுக்கச் சொல்கிறார். எனக்குக் கையே ஓடவில்லை. கேட்டும்விட்டேன்.

பார்லோ துரை ரெண்டு பலகையை எடுத்து ஒன்றுக்குக் கறுப்பும் ஒன்றுக்கு வெள்ளையும் அடிக்கச் சொன்னார். சோணையைக் கொட்டகைக் கூரைமேல் ஏற்றி, ரெண்டையும் தலைக்கு மேல் பிடிக்கச் சொன்னார். பிறகு தரையில் ஒரு சாக்கை விரித்து மல்லாக்கப் படுத்துக்கொண்டு, எங்களையும் படுக்கச் சொன்னார். மதுரை வெயிலில் செம்மண்ணில் வரிசையாகக் கிடந்தோம். வானத்துக்கு எதிரே கறுப்புப் பலகை ஆணி அடித்த மாதிரி தெரிந்தது. வெள்ளைப் பலகை மேகத்தில் பாதி கரைந்து போய், எங்கே விளிம்பு என்று தெரியவில்லை.

"மீன் தின்னுற பறவைக்கு வயிறு ஏன் வெள்ளையா இருக்குன்னு இப்பத் தெரியுதா?" என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

"நம்ம கம்மாய்க் கொக்கு" என்றான் மாரியப்பன்.

கூரைமேல் இருந்து சோணை கத்தினான். "என்னையும் வெள்ளையடிச்சிருங்கண்ணே. வீட்டுக்காரி கண்ணுல படாமத் திரியலாம்."

"அவ சத்தத்தை வச்சே ஆளக் கண்டுபிடிச்சிருவா, கீழ எறங்கு" என்றான் மாரியப்பன். அன்று முதல் அந்த ப்ளேனுக்கு எங்களுக்குள் பேர் கொக்கு.

இப்படி எதற்கும் காரணம் சொல்கிற மனுஷன், ஒன்றே ஒன்றுக்கு மட்டும் சொல்லவில்லை.

வெள்ளைக்காரன் ப்ளேனில் ரெண்டு பக்கமும் இறக்கையிலும் ஒரு வட்டம் இருக்கும். வெளியே நீலம், அடுத்து வெள்ளை, நடுவில் சிவப்பு. அதுதான் அவர்கள் அடையாளம். ஒருநாள் உத்தரவு வந்தது, எல்லா ப்ளேனிலும் நடுவில் இருக்கிற சிவப்பை அழித்து வெள்ளை அடி என்று. "எதற்காக, சார்?" என்றேன். "செய்" என்று மட்டும் சொல்லிவிட்டு எங்கேயோ பார்த்தார்.

வட்டத்துக்கு நடுவில் கை நடுங்காமல் அடிக்கிறவன் மாரியப்பன்தான், அதனால் அந்த வேலை அவனுக்கே வந்தது. ரெண்டாம் நாளே அவன் முகம் சரியில்லை. சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன்.

"என்னடா, உடம்பு சரியில்லையா?"

"அண்ணே, நெத்தியில இருக்குற பொட்ட அழிக்கச் சொல்றாங்கண்ணே. இது எதுக்கு ஆகும்?"

"அது பொட்டு இல்லடா. அவங்க அடையாளம்."

"ஒங்களுக்கு அப்படித் தெரியுது. எங்க அக்காவுக்கு மாமா செத்த அன்னைக்கு நாலு பேரு பிடிச்சு உக்காரவச்சு அழிச்சாங்க. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். அதே மாதிரிதாண்ணே இருக்கு. வட்டம் இருக்கு, நடுவுல வெறுமனே இருக்கு."

எங்கள் தெருவில் இந்து வீடுகளில் சாவு விழுந்தால் நானும் பார்த்திருக்கிறேன். போதாக்குறைக்கு, அவன் சிவப்பை அழித்துக் கிழக்கே அனுப்பிய ப்ளேன்களில் ஒன்று திரும்பவில்லை. சண்டையில் அது நடக்கிறதுதான். அவனுக்கு அது அப்படிப் படவில்லை. "நான் அழிச்சதுண்ணே" என்றான்.

கொக்கு தயாரான சமயம் ஆயுத பூஜை வந்தது. துரை ஒரு மணி நேரம் அனுமதி கொடுத்தார். காற்றடிக்கும் மெஷின், பிரஷ், டப்பா, ஏணி எல்லாம் கழுவிச் சந்தனம் வைத்தார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். நான் வழக்கம் போல ஓரமாக நின்று பொரிகடலை வாங்கித் தின்றேன். சாயங்கால அஸர் தொழுகைக்கு ஒளு செய்ய, கை கால் முகம் கழுவ, நான் குழாயடிக்குப் போன நேரத்தில் மாரியப்பன் என்ன செய்தான் என்று யாருக்கும் தெரியாது. மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

கொக்கு முதல் தடவையாகக் கடலுக்குப் பறக்கவேண்டிய காலை. ஓட்டுகிற துரை சின்ன வயசுக்காரர், மீசை சரியாக முளைக்காத முகம். ப்ளேனைச் சுற்றி நடந்து பார்த்துக்கொண்டே வந்தவர் பக்கவாட்டு வட்டத்துக்கு நேரே நின்றுவிட்டார். வட்டத்துக்கு நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. மறுபக்கமும் அதே. வெள்ளை உடம்பில் அது எட்டு மைலுக்குத் தெரியும் போல இருந்தது.

சற்று நேரத்தில் காவல் அதிகாரி ஜீப்பில் வந்துவிட்டார். எங்களை வரிசையில் நிறுத்தினார்கள். ரயில் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள் என்று சந்தேகப்பட்டவனையெல்லாம் பிடித்துப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. உள்ளே போனவன் எப்போது வருவான் என்று சொல்ல முடியாது. அந்த அதிகாரி சொன்னபிறகுதான் சிவப்பை அழித்த காரணமே எங்களுக்குத் தெரிந்தது. ஜப்பான்காரன் ப்ளேனில் அடையாளம் சிவப்பு உருண்டை. தூரத்திலிருந்து சிவப்பைக் கண்டாலே நம் ஆட்களே சுட்டுவிடுகிறார்கள். அதனால்தான் சிவப்பே கூடாது என்று உத்தரவு.

"இங்கே ஒருவன் எதிரியின் அடையாளத்தை வரைந்திருக்கிறான். யார் அவன்?" என்று அவர் கேட்டதை நான் தமிழில் சொல்லவேண்டியிருந்தது.

நான் சொல்லி முடிக்குமுன் மாரியப்பன் ஒரு அடி முன்னால் வந்தான்.

"நான்தான் வச்சேன். வரையலைங்க, வச்சேன். குங்குமம். காத்துல பறந்துறக் கூடாதுன்னு நல்லெண்ணெயில குழைச்சு வச்சேன்."

"எதற்காக?"

"போறவரு திரும்பி வரணும்னு."

அதிகாரிக்கு நான் சொன்னது ஏறவில்லை. "இவன் என்ன நினைத்தான் என்பது எனக்குத் தேவையில்லை. வைத்தது எதிரியின் அடையாளம்" என்று சொல்லிச் சிப்பாய்களைப் பார்த்தார். ரெண்டு பேர் மாரியப்பன் தோளில் கை வைத்தார்கள்.

அப்போது பார்லோ துரை என்னிடம் திரும்பினார். "காதர், குங்குமம் என்றால் என்ன? நிதானமாகச் சொல்."

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். கல்யாணமான பெண்ணின் நெற்றியில் இருப்பது, சார். புருஷன் செத்தால்தான் அழிப்பார்கள். நீங்கள் அழிக்கச் சொன்னீர்கள். இவன் ஒவ்வொரு ப்ளேனாக அழித்தான். ஒன்று திரும்பவில்லை. இவன் அக்காவுக்கு அழித்ததைக் கண்ணால் பார்த்தவன், சார்.

துரையின் மூக்குச் சிவப்பு முகமெல்லாம் பரவியது. அப்புறம் அதிகாரியிடம் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னார்.

"என் ஆட்களுக்கு நான் எல்லாவற்றுக்கும் காரணம் சொல்வேன். இதற்கு மட்டும் சொல்லவில்லை, வெளியே பேச்சுப் பரவக்கூடாது என்று எனக்கு உத்தரவு. நான் சொல்லாமல் விட்ட இடத்தில் இவன் தனக்குத் தெரிந்த காரணத்தை வைத்துக்கொண்டான். புகார் எழுதுவதானால் என் பேரில் எழுதிக்கொள்ளுங்கள்."

அவர் பேரில்தான் எழுதினார்கள். அடுத்த மாதம் முடியுமுன் அவரைக் கிழக்கே மாற்றிவிட்டார்கள். இதற்காகத்தானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு அந்த வார்த்தை இல்லையென்றால் மாரியப்பன் ஜீப்பில் ஏறியிருப்பான். அவன் பிற்பாடு என்னோடு பஸ் கம்பெனியில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்ததும், சமயநல்லூரில் சொந்தமாக வீடு கட்டினதும், அவன் மகள் இப்போது பள்ளிக்கூட டீச்சராக இருப்பதும், எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தால் வந்தது.

அதிகாரி முழுக்க விடவில்லை. "அப்படியானால் இவனே அழிக்கட்டும். இப்போதே" என்றார்.

ஒருத்தர் துணியில் ஸ்பிரிட் நனைத்து மாரியப்பன் கையில் கொடுத்தார். அவன் ப்ளேன் வரைக்கும் போனான். வட்டத்துக்கு நேரே நின்றான். கை மேலே போகவில்லை. பக்கத்தில் ஓட்டுகிற அந்தச் சின்ன துரை நின்றார். உயிரோடு கண்ணெதிரே நிற்கிற ஆளுக்கு இவன் எப்படி அழிப்பான்.

"மாரி, அழிச்சிருடா. பிள்ளைகளை நினைச்சுக்க" என்றேன்.

"முடியலண்ணே. என்னை என்ன வேணாலும் செய்யட்டும்."

"நீ தள்ளு, நான் அழிக்கிறேன். எங்களுக்கு அந்தச் சாஸ்திரம் கிடையாது."

"நீங்க அழிச்சாலும் அவருக்குத்தான அழிஞ்சு போகுது."

அதிகாரி பொறுமையிழந்து கைக்கடியாரத்தைப் பார்த்தார். சிப்பாய்கள் மறுபடி கிட்டே வந்தார்கள். இவன் என்ன சொல்கிறான் என்று பார்லோ துரை என்னிடம் கேட்டார். சொன்னேன். அவர் ப்ளேனை ஒருதரம் பார்த்தார், அதில் ஏறுகிற கதவைப் பார்த்தார்.

"சிவப்பு இருக்கக்கூடாது என்பது வெளியே" என்றார். "வானத்தில் இருக்கிறவன் உள்ளே பார்க்கப்போவதில்லை. அழிக்கவேண்டாம் என்று அவனிடம் சொல். இடத்தை மாற்றச் சொல்."

நான் இதைத் தமிழில் சொன்னபோது மாரியப்பன் என்னையே பார்த்தான். "நெசமாவா சொல்றாரு?"

அதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சின்ன துரை ஏணியில் ஏறி, தன் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் தகட்டைத் தட்டிக் காட்டினார். "இங்கே" என்றார். உயிரைப் பணயம் வைத்துப் போகிறவர் அவர், அவரே கேட்டபிறகு அதிகாரியும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாரியப்பன் வட்டத்திலிருந்து குங்குமத்தை விரலால் வழித்து எடுத்தான். துடைக்கவில்லை, சிந்தாமல் வழித்தான். அதை அப்படியே உள்ளே கொண்டுபோய்த் தகட்டில் வைத்தான். "வச்சாச்சுண்ணே" என்று உள்ளேயிருந்து குரல் வந்த பிறகு நான் வெளியே மிச்சமிருந்த எண்ணெய்க் கறையைத் துணியால் துடைத்தேன். மறுபக்கமும் அப்படியே. அவன் வைத்துவிட்டேன் என்று சொல்லாமல் நான் துணியை எடுக்கவில்லை. அப்புறம் பார்லோ துரை குனிந்து பார்த்து, வெள்ளைப் பெயிண்டால் ஒரு தீற்று போட்டார்.

ப்ளேன் கிளம்பிப் போனது. அதிகாரி போகவில்லை. திரும்பி வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கடலில் ஏதாவது ஆனால், அந்தப் பழியும் மாரியப்பன் தலையில்தான் விழும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது.

வெயில் ஏறியது. மத்தியானம் வரவேண்டிய ப்ளேன் வரவில்லை. லுஹர் தொழுதுவிட்டு வந்தேன், மாரியப்பன் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தான். கட்டிக்கொண்டு வந்த சோற்றைத் தொடவில்லை. வெயில் சாயும் நேரம் தெற்கே மெதுவாக ஒரு சத்தம் கேட்டது. எல்லாரும் எழுந்து நின்றோம். சத்தம் பெரிதாகிக்கொண்டே வருகிறது, வானத்தில் ஒன்றுமே இல்லை. வெள்ளை வெள்ளையாக மேகம், அவ்வளவுதான்.

"எங்கண்ணே, காணோமேண்ணே" என்று மாரியப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சத்தம் கேக்குதுல்ல."

"சத்தந்தான கேக்குது. ஆளக் காணோமே."

நாற்காலியிலிருந்து அதிகாரியும் எழுந்துவிட்டார். தொலைநோக்கிக் கண்ணாடியை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பினார். அவருக்கும் அகப்படவில்லை. சத்தம் தலைக்கு மேலேயே வந்துவிட்ட பிறகு, ஒரு மேகத்தின் ஓரம் மெதுவாகக் கழன்று வருகிற மாதிரி கொக்கு இறங்கியது. அத்தனை பேர் கண்ணையும் ஏமாற்றிவிட்டு வந்திருந்தது. நாங்கள் அடித்த வெள்ளை அப்படிப்பட்ட வெள்ளை.

சின்ன துரை இறங்கி வந்து, எதிர்க்காற்று, அதனால் தாமதம் என்று மட்டும் பார்லோவிடம் சொன்னார். அதிகாரி கண்ணாடியை உறையில் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினார். மாரியப்பன் பக்கம் திரும்பவே இல்லை. அவன் தூக்குச்சட்டியைத் திறந்து, புளித்துப்போன சோற்றில் எனக்கும் ஒரு உருண்டை கொடுத்தான். வாங்கித் தின்றேன்.

அன்று சைக்கிளை மிதித்து மஃரிப் தொழுகைக்குப் பள்ளிவாசல் போய்ச் சேர்ந்தேன். தொழுது முடித்துக் கையேந்தியபோது, மாரியப்பனுக்காகக் கேட்டேன், பார்லோ துரைக்காகக் கேட்டேன். அந்தச் சின்ன துரையின் பேர் எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்டு வைத்துக்கொள்ளவும் இல்லை. "அந்த வெள்ளை ஏரோப்ளேன்காரரு" என்று சொன்னேன். கேட்கிறவனுக்கு ஆளைத் தெரியும். இன்றைக்கும் துஆவில் அவரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.